அந்த அண்ணன் அடுத்த வாரமும் வருவாரா?

கேள்வி: நான் சென்னையை அடுத்த பெரும்பாக்கம் குடியிருப்பில் வசிக்கிறேன். கூவம் கரையில் இருந்த எங்கள் குடும்பத்தை எட்டு ஆண்டுகளுக்கு முன் இங்கே குடியமர்த்தினார்கள். ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு ஜூன் மாதம் நண்பர்கள் மூவருடன் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பறையும் ஓவியமும் கற்றுத்தரத் தொடங்கினோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழிகாட்டி இருக்க வேண்டும் என்று கல்லூரி மாணவர்களையும் அழைத்தோம். முதல் மாதத்தில் 41 பிள்ளைகளும் 9 வழிகாட்டிகளும் வந்தார்கள். இப்போது 16 பிள்ளைகளும் 3 வழிகாட்டிகளும்தான் இருக்கிறார்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளை வீட்டில் அனுப்புவதில்லை. மிக நன்றாக வாசித்த பதினாறு வயதுப் பையன் ஒருவன் சாவு மேளக் குழுவில் சேர்ந்து பள்ளிக்கும் போகாமல் இருக்கிறான். இது எங்களால் வந்த கெடுதலோ என்று உறுத்துகிறது. “பறை அடித்து என்ன ஆகப்போகிறது?” என்று ஒரு பையனின் அப்பா நேரடியாகவே கேட்டுவிட்டார். இந்த நிலையில் ஒரு நிறுவனம் 2 லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறது. சிலம்பமும் நடனமும் சேர்த்து, 100 பிள்ளைகளைத் திரட்டி, ஆண்டு இறுதியில் பெரிய மேடையில் ஏற்ற வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். விரிவாக்குவதா, மூடிவிடுவதா என்று புரியவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். இளைஞர்களுக்கான கலைப் பயிற்சிகளை அமைப்பதிலும், அவற்றுக்கு வழிகாட்டிகளைத் தேர்ந்து பழக்குவதிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்துவருகிற சமூகப் பணியாளன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மூட வேண்டாம். இப்போதைக்கு விரிவாக்கவும் வேண்டாம். இருக்கிற 16 பிள்ளைகளோடு முழுதாக ஓர் ஆண்டை நடத்திக் காட்டுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதையும், அந்த ஓர் ஆண்டை எப்படி நடத்தலாம் என்பதையும் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் பிள்ளைகள் 41லிருந்து 16 ஆனதைத்தான் பெரிய தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணில் முதலில் பட்டது மற்ற எண்ணிக்கை, அதாவது வழிகாட்டிகள் ஒன்பதிலிருந்து மூன்றானது. இலவசமாக நடக்கும் எந்த வகுப்பிலும் முதல் மாதக் கூட்டம் வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம். அதில் பாதி கரைவது இயல்பு. வழிகாட்டிகள் கரைவது அப்படிப்பட்டதன்று. உங்கள் வருகைப் பதிவேட்டை எடுத்து, எந்த வாரம் எந்த வழிகாட்டி நின்றார், அவரோடு சேர்த்துவிடப்பட்டிருந்த பிள்ளைகள் அதற்குப் பின் எத்தனை வாரம் வந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இதே கணக்கை நான் பல இடங்களில் போட்டுப் பார்த்திருக்கிறேன். அண்ணன் நின்ற இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தம்பியும் நின்றிருப்பான். பிள்ளைகள் இதை வாய் திறந்து சொல்வதில்லை. புதிதாக ஒருவர் வந்தால் முதல் நாளிலேயே, “அந்த அண்ணன் அடுத்த வாரமும் வருவாரா?” என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால், சொல்லிக்கொள்ளாமல் போன பலருடைய கணக்கு அவர்களிடம் இருக்கிறது.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் 1904 முதல் இயங்கிவரும் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ என்ற அமைப்பு, ஒரு பெரியவரை ஒரு சிறுவனோடோ சிறுமியோடோ இணைத்துத் தொடர்ந்து சந்திக்க வைக்கிறது. அந்த அமைப்பில் சேர்ந்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து, ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளிடம் அதிக முன்னேற்றம் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன உறவுகளிலோ, பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. வழிகாட்டியே இல்லாமல் இருந்திருக்கலாம் என்கிற அளவுக்கு, பாதியில் விட்டுப்போகும் வழிகாட்டி தீங்கு செய்துவிட முடியும் என்பதே இதன் பொருள். வேறு நாட்டு ஆய்வுதான்; ஆனால் கூவம் கரையிலிருந்து ஒரே நாளில் பெயர்த்து எடுக்கப்பட்டு, பள்ளியும் தோழர்களும் தெருவும் ஒருசேரக் கைவிட்டுப்போன பிள்ளைகளிடம் இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்களுக்குப் பக்கத்திலேயே, உங்களைப் போலவே குடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகர் இருக்கிறது. 2020 வாக்கில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஓவியர்கள் வந்து அங்குள்ள அடுக்குமாடிச் சுவர்களில் மாபெரும் ஓவியங்களைத் தீட்டினார்கள். அந்தச் சுவர்களைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். முகவரியைச் சொல்லவே தயங்கிய பிள்ளைகளுக்கு அவை ஒரு பெருமிதத்தைத் தந்தன. ஆனால் சுவரில் தீட்டிய ஓவியம் ஓவியர் ஊருக்குத் திரும்பிய பின்பும் அங்கேயே நிற்கும். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அப்படி நிற்பதில்லை. சொல்லிக்கொடுத்தவர் அடுத்த வாரமும் வந்து ‘எங்கே, வாசித்துக் காட்டு’ என்று கேட்டால்தான் அது நிற்கும்.

ஆகவே முதல் வேலை வழிகாட்டிகளை நிலைநிறுத்துவது. கல்லூரி மாணவர்களை அழைத்தது தவறில்லை. ஆனால் பருவத் தேர்வு வந்தால் அவர்கள் வரமாட்டார்கள், இறுதியாண்டு முடிந்தால் வேலை தேடி ஊரைவிட்டே போய்விடுவார்கள். அவர்களை ஓவிய நாளுக்கும் விழா நாளுக்கும் உதவியாளர்களாக வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிகளை உங்கள் குடியிருப்புக்குள்ளேயே தேடுங்கள். எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கும் உங்கள் பகுதியில், இருபத்திரண்டு வயதுக்கு மேல் முப்பத்தைந்துக்குள், ஓரளவு நிலையான வேலையில் இருக்கிற ஆறு பேர் கிடைக்காமல் போகமாட்டார்கள். கூரியர் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவர், தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண், அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் என்று யாராக இருந்தாலும் சரி. பறை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து அவர்களும் முதல் அடியிலிருந்து கற்கட்டும். பெரியவர் ஒருவர் தாளம் தப்பித் திணறுவதையும், மறு வாரம் அதைச் சரிசெய்துகொண்டு வருவதையும் ஒரு பிள்ளை பக்கத்திலிருந்து பார்ப்பது, நாம் வாயால் சொல்லும் அறிவுரை எதையும்விடப் பெரிய பாடம்.

அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஓராண்டு, மாதத்தில் குறைந்தது மூன்று ஞாயிறு. இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வர முடியாத வாரத்தில் முன்கூட்டியே அந்தப் பிள்ளையிடமே, ‘அடுத்த வாரம் என் அக்கா வீட்டு விசேஷம், வரமாட்டேன், அதற்கடுத்த வாரம் வருவேன்’ என்று சொல்ல வேண்டும். விலகுவதாக இருந்தால் குறைந்தது மூன்று வாரம் முன்பே சொல்லி, கடைசி நாளில் வந்து உட்கார்ந்து விடைபெற்றுப் போக வேண்டும். ஒரு வழிகாட்டிக்கு மூன்று பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். போக்குவரத்துக்கும் தேநீருக்கும் பணம் கொடுங்கள். சேவை என்ற பெயரில் அவர்களுடைய கைக்காசைக் கரையவிட்டால், ஆறாவது மாதத்தில் அவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டே நின்றுவிடுவார்கள்.

வழிகாட்டுதல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். சில அமைப்புகளில் பயிற்சி முடிந்த பிறகு அரைமணி நேரத்தை ‘மனம்விட்டுப் பேசும் நேரம்’ என்று தனியாக ஒதுக்குகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தவன். வட்டமாக உட்காரவைத்து, ‘இந்த வாரம் எப்படிப் போயிற்று?’ என்று கேட்டால், பதினான்கு வயதுப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு ‘நல்லா போச்சு’ என்பான், அதோடு முடிந்தது. அது தவறு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு நவம்பர் மாதத்து மழை. அன்று பறைத் தோல்கள் எல்லாம் ஈரக்காற்றில் தளர்ந்துபோய், அடித்தால் அட்டையைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. ஆசான் பயிற்சியை நிறுத்திவிட்டு, கூடத்தின் ஓரத்தில் பழைய செய்தித்தாளையும் கொஞ்சம் வைக்கோலையும் போட்டு நெருப்பு மூட்டினார். பிள்ளைகள் ஆளுக்கொரு பறையைப் பிடித்துக்கொண்டு, தோல் கருகாத தூரத்தில் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார்கள். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்த்தார்கள். அந்த இருபது நிமிடமும் எல்லோர் கண்ணும் நெருப்பில்தான் இருந்தது; ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்போதுதான் ஒரு பையன், யாரும் கேட்காமலே, ‘அப்பா வீட்டுக்கு வந்து பத்து நாளாச்சுண்ணா’ என்றான். பக்கத்திலிருந்த வழிகாட்டி தன் பறையைத் திருப்பிக்கொண்டே, ‘சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?’ என்று மட்டும் கேட்டார். மீதி எல்லாம் தானாக வந்தது.

கைக்கு ஒரு வேலை இருக்கும்போதுதான் பிள்ளைகள் பேசுவார்கள். கலையை நாம் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பறையைக் காய்ச்சுவது, பறையை அடிக்கும் சுண்டுக்குச்சிக்கு மூங்கிலைச் சீவுவது, வண்ணக் கிண்ணங்களைக் கழுவுவது, கூடத்தைப் பெருக்குவது ஆகிய எல்லாவற்றையும் வழிகாட்டியும் பிள்ளைகளும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைகளாக வையுங்கள். நேரத்தை மிச்சப்படுத்த இவற்றுக்கு ஆள் வைத்துவிடாதீர்கள்.

சிலம்பம், நடனம் சேர்ப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கலைகளே உங்களுக்குப் போதும். எதையும் ஆழமாகப் போகவிடாமல் நான்கைக் காட்டுவதைவிட, ஒத்தையடி என்ற பறைத் தாளத்தில் தொடங்கிய பிள்ளை ஓராண்டில் குழுவை முன்னின்று நடத்தும் நிலைக்கு வருவது முக்கியம். பல கலைகளைச் சுவைத்துப் பார்க்க விரும்பும் சிறிய பிள்ளைகளுக்கு, அரசின் கலை பண்பாட்டுத் துறை வார இறுதிகளில் நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இருக்கின்றன. பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளை அங்கேயும் கலந்துகொள்ளச் செய்யலாம்.

இனி, அந்தப் பதினாறு வயதுப் பையன். உங்களை மிகவும் வாட்டுவது இதுதான் என்று கடிதத்தைப் படித்தபோதே தெரிந்தது. ஆகவே இதில் சற்று நின்று பேசுகிறேன்.

சாவு வீட்டில் வாசிப்பதை இழிவாக நினைக்கும் பார்வை நம்மிடம் ஒருபோதும் இருக்கக் கூடாது. இன்று மேடையில் நாம் கைதட்டிக் கேட்கும் அடிகளைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள், கோயில் கொடையிலும் சாவு வீட்டிலும் சாதியின் பெயரால் கட்டாயப்படுத்தப்பட்டும், வயிற்றுக்காகவும் வாசித்த மனிதர்கள். அந்தக் கட்டாயத்தை எதிர்த்துப் பறையைக் கீழே வைத்தவர்களும், அதே பறையை உரிமைக் குரலாகக் கையில் எடுத்தவர்களும் ஒரே வரலாற்றின் பகுதிகள்தான். மதுரை அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பெருமை அவரோடு முடிந்துபோகவில்லை; பெயர் தெரியாத அந்த மூத்தவர்கள் எல்லோரையும் சென்று சேர்ந்தது. ஆகவே அந்தப் பையனிடம் பேசும்போது ‘போயும் போயும் சாவு மேளத்துக்கா போனாய்’ என்ற தொனி ஒரு சொல்லில்கூட எட்டிப்பார்க்கக் கூடாது. அப்படிச் சொன்னால், அவன் குடும்பத்தையும் அவன் கையிலிருக்கும் கலையையும் சேர்த்தே நாம் இகழ்ந்தவர்களாவோம்.

கவலைப்பட வேண்டியவை வேறு. பள்ளி நின்றுபோனது, இரவு முழுவதும் விழித்திருப்பது, ஊர்வலத்துக்கு முன்னும் பின்னும் புழங்கும் குடி, கூலியைப் பெரியவர் ஒருவர் வாங்கிக்கொண்டு பையனுக்குக் கொஞ்சம் கொடுப்பது ஆகியவைதான் அவை. இது உங்களால் வந்த கெடுதல் இல்லை. நீங்கள் கற்றுக்கொடுத்த திறமைக்கு உடனே காசு கொடுக்க ஒரு குழு இருந்தது. அவன் வீட்டில் அந்தக் காசுக்குத் தேவையும் இருந்தது. அவன் வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும். அது நீங்களாக இருப்பதைவிட, அவனுடைய வழிகாட்டியாக இருந்தவர் இன்னும் உங்களோடு இருந்தால் அவரே போவது நல்லது. வகுப்புக்கு வா என்று அழைக்கப் போக வேண்டாம். எப்படி இருக்கிறான், எந்த ஊர்களுக்குப் போய் வாசித்தான், அந்தக் குழுவில் புதிதாக என்ன அடி கற்றான் என்று கேட்கப் போகட்டும். இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில் பள்ளிப் பேச்சு தானாக வரும். பதினொன்றாம் வகுப்பு முறிந்துபோயிருந்தால், தனித்தேர்வராக எழுதுவதா, தொழிற்பயிற்சி நிலையத்தில் சேருவதா என்ற விவரங்களை வழிகாட்டி முன்கூட்டியே விசாரித்துக் கையில் வைத்திருக்க வேண்டும். பையன் கேட்கும் நாளில் ‘விசாரித்துச் சொல்கிறேன்’ என்றால் அந்த நாள் நழுவிவிடும். ஞாயிறு பிற்பகல் அவனுக்கு வேலை நேரம் என்றால், ஒரு வாரநாள் மாலையில் சிறியவர்களுக்கு ஒரு மணி நேரம் அடி சொல்லிக்கொடுக்க அவனை அழைக்கலாம். அதற்குச் சிறிய ஊதியமும் கொடுக்கலாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரைக் குறை சொல்வதற்கு முன், நம் ஏற்பாட்டைப் பார்க்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு இருட்டும் காலத்தில் வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது? கூடத்தில் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் கழிப்பறை இருக்கிறதா? வீடுவரை யார் கூட வருகிறார்கள்? வழிகாட்டிகளில் பெண்கள் எத்தனை பேர்? இந்த நான்குக்கும் சரியான பதில் இருந்தால், பாதித் தாய்மார்கள் அனுப்பிவிடுவார்கள் என்பது என் அனுபவம். மீதிப் பாதிக்கு, வாசிக்கும் பெண்களைக் கண்ணால் காட்ட வேண்டும். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, பெண்கள் தொடக்கூடாது என்று ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த பறையைத் தலித் பெண்களின் கையில் கொடுத்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மேடையேற்றி வருகிறது. கூத்திலும் இது நடந்திருக்கிறது. விடிய விடிய ஆண்களே பெண் வேடமும் கட்டி ஆடிவந்த கட்டைக்கூத்தில், பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் 2002இல் தொடங்கிய குருகுலம் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. பள்ளிப் பாடமும் கூத்தும் ஒரே வளாகத்தில் நடந்தன என்பதால், கலையா படிப்பா என்று பெற்றோர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் தாய்மார்களை ஒரு ஞாயிறு கூடத்துக்கு அழைத்து, பெண்கள் வாசிக்கும் பறை நிகழ்ச்சியின் காணொளி ஒன்றைச் சேர்ந்து பாருங்கள். வயதுக்கு வந்த பிள்ளையை அனுப்பாத வீட்டுக்கு நீங்களே போங்கள். நீங்கள் செவிலியர் என்பதால், அந்த வயதில் உடலைப் பற்றிய பேச்சை உங்களிடம் தாய்மார்கள் கூச்சமில்லாமல் பேசுவார்கள். இது வேறு யாருக்கும் கிடைக்காத வாய்ப்பு.

பாதுகாப்பில் எந்தச் சலுகையும் கூடாது. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்படி பதினெட்டு வயதுக்குட்பட்ட எவரும் குழந்தைதான். குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் தன் பணியாளர்களின் பின்னணியைக் காவல்துறை வழியாகச் சரிபார்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன. நீங்கள் பதிவுபெற்ற நிறுவனமாக இல்லாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். எந்த வழிகாட்டியும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது; கூடத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும். தனிப்பட்ட வாட்ஸ்அப் பேச்சு வேண்டாம். பெற்றோரும் இருக்கும் ஒரே குழுவில் செய்திகளைப் போடுங்கள். பிள்ளைகளின் படத்தை வெளியிடும் முன் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் கேளுங்கள். ஒரு பிள்ளை தனக்குப் பாலியல் துன்புறுத்தல் நேர்ந்ததாகச் சொன்னாலோ, உங்களுக்கு அப்படிப்பட்ட ஐயம் எழுந்தாலோ, காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று எந்த வழிகாட்டியும் பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘உனக்கு உதவ வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்’ என்றே சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூடத்தின் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

அந்த அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். “பறை அடித்து என்ன ஆகப்போகிறது?” என்பது அவமதிப்பில் வந்த கேள்வி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் மகனுக்குத் தன் நிலைமை வரக்கூடாது என்று பயப்படுகிற ஒருவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. அவரிடம் பொய் சொல்லாதீர்கள். இசை கற்றால் கணக்கு வரும், ஓவியம் வரைந்தால் மதிப்பெண் ஏறும் என்று பல நிகழ்ச்சிகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ‘புராஜெக்ட் ஜீரோ’ ஆய்வுக் குழுவைச் சேர்ந்த எல்லன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் திரட்டிச் சலித்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவில், கலைப் பயிற்சி பள்ளி மதிப்பெண்ணை உயர்த்துகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை, வகுப்பறை நாடகம் மொழித் திறனை வளர்க்கிறது என்பது போன்ற ஓரிரு தொடர்புகளே தேறின. மதிப்பெண்ணைக் காட்டி நாம் கலையை விற்கப் போனால், அடுத்த தேர்வில் பையன் தோற்றதும் அப்பா கலையை நிறுத்திவிடுவார். அவர் செய்வது நியாயமாகவும் இருக்கும்.

அவரிடம் உண்மையில் காட்டக்கூடியவற்றைக் காட்டுங்கள். வாரம் தவறாமல், குறித்த நேரத்துக்கு மகன் ஓரிடத்துக்கு வருகிறான் என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. பத்துப் பேரோடு சேர்ந்து வாசிக்கும்போது தன் வேகத்தை அடக்கி மற்றவரைக் கேட்கக் கற்றிருக்கிறான். இதை அவர் ஒருமுறை கூடத்துக்கு வந்து உட்கார்ந்தால் தானே பார்ப்பார். பின்னாளில் கலையையே தொழிலாக எடுக்க நினைத்தால் வழிகள் உண்டு என்பதையும் சொல்லுங்கள். எழும்பூரில் 1850இல் தொடங்கப்பட்ட பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. நுழைவுத் தேர்வுக்குத் தயார்செய்தால் உங்கள் ஓவியப் பிள்ளைகளுக்கு அது எட்டாத இடமில்லை. மத்திய அரசின் கலாச்சார வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 10 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குக் கலை உதவித்தொகை வழங்குகிறது. தமிழக அரசு மாவட்டந்தோறும் பதினெட்டு வயதுக்குட்பட்ட கலைஞர்களுக்குக் ‘கலை இளமணி’ விருது தருகிறது. வழிகாட்டி ஒருவர், பதினேழு வயதுப் பிள்ளையை ஒரு நாள் பேருந்தில் எழும்பூருக்குக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கல்லூரி வளாகத்தைச் சுற்றிக்காட்டி, அங்கே களிமண்ணோடு நிற்கும் மாணவர் ஒருவரிடம் பேசவைத்தாலே போதும். வீட்டில் அன்றிரவு நடக்கும் பேச்சு வேறாக இருக்கும். அப்பாவையும் கூட அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக அந்த 2 லட்சம் ரூபாய். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நானும் இதே இடத்தில் நின்றிருக்கிறேன். ஒரு நன்கொடையாளரின் விருப்பத்துக்காக, முப்பது பிள்ளைகளோடு நடந்துகொண்டிருந்த பயிற்சியை நான்கு மாதத்தில் நூறு பேராக்கினோம். எண்ணிக்கைக்காக நேற்று வந்தவர்களையும் சேர்த்து, ஒரே மாதிரி உடை தைத்து, ஒலிபெருக்கியும் விளக்கும் வாடகைக்கு எடுத்து, பெரிய அரங்கில் ஏற்றினோம். நாற்பது நிமிட நிகழ்ச்சி. கைதட்டல் அடங்கியது; நன்கொடையும் அத்தோடு நின்றது. மறு ஞாயிறு ஆசானுக்குக் கொடுக்கக் கையில் பணமில்லை. மூன்றாவது மாதம் கூடத்தைப் பூட்டினோம். அந்த முப்பது பேரில் ஒரு பெண் பிள்ளை பூட்டிய கதவுக்கு முன் இரண்டு ஞாயிறு வந்து நின்றுவிட்டுப் போனதாகக் கூடத்தின் காவலர் பிறகு சொன்னார். அந்தப் பிள்ளையிடம் விடைபெறக்கூட நாங்கள் நினைக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

பணத்தை மறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கணக்கை மாற்றிக் காட்டுங்கள் என்கிறேன். ஆண்டுக்கு 48 ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். பறை ஆசானுக்கு வாரம் 1,500 ரூபாய் என்றால் 72,000. ஆறு வழிகாட்டிகளுக்குப் போக்குவரத்தும் தேநீரும் ஆளுக்கு 200 ரூபாய் வீதம் 57,600. பதினாறு பிள்ளைகளுக்குச் சுண்டலோ பழமோ ஆளுக்கு 15 ரூபாய் வீதம் 11,520. தோல் மாற்றவும் வண்ணம் வாங்கவும் 10,000. மொத்தம் 1,51,120 ரூபாய். ஒரு மாலைக்காக அவர்கள் செலவிட நினைக்கும் 2 லட்சத்தில் ஒன்றேகால் ஆண்டுக்கு மேலான ஞாயிறுகள் அடங்கிவிடுகின்றன. இதை ஒரே பக்கத்தில் எழுதி, ஓவியம் வரையும் பிள்ளை ஒருவரின் படத்தை மேலே ஒட்டி, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆண்டு இறுதியில் விழா வேண்டும் என்றால், உங்கள் குடியிருப்பின் திறந்தவெளியிலேயே, பெற்றோர் கீழே இறங்கி வந்து பார்க்கும்படி, இருக்கிற பிள்ளைகளை வைத்து நடத்தலாம் என்று சொல்லுங்கள். பெருநிறுவனச் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து அவர்கள் பணம் தருவதாக இருந்தால், வருமான வரிச் சட்டத்தின் பதிவுகளும் நிறுவன விவகார அமைச்சகத்தின் பதிவெண்ணும் உள்ள அமைப்புக்குத்தான் தர முடியும். சங்கமாகப் பதிவதற்கு ஏழு உறுப்பினர்கள் தேவை. நீங்கள் நால்வர்தான் இருக்கிறீர்கள். ஆகவே இப்போதைக்குப் பதிவுபெற்ற நல்ல அமைப்பு ஒன்றின் கீழ் பணத்தைப் பெற்றுக்கொள்வது எளிது. எந்த நிபந்தனைக்கும் அவர்கள் இறங்கிவரவில்லை என்றால், நன்றி சொல்லி விலகிவிடுங்கள். குடியிருப்பில் வீட்டுக்கு இருபது ரூபாய் என்று மாதம் நூறு வீடுகளில் சேர்த்தாலும் ஆசானின் ஊதியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வந்துவிடும். கொடுத்தவர்கள் ஞாயிறுதோறும் மாடியிலிருந்து எட்டியும் பார்ப்பார்கள். சமுதாயக் கூடத்தை ஓராண்டுக்கு ஞாயிறு பிற்பகல்களில் பயன்படுத்திக்கொள்ள நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்மொழி அனுமதி, அதிகாரி மாறினால் போய்விடும்.

அந்தப் பதினாறு வயதுப் பையன் வாசித்த பறை இன்னும் உங்கள் கூடத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை வேறு பிள்ளைக்கு ஒதுக்கிவிடாமல் இந்த ஓராண்டு அவன் பெயரிலேயே மாட்டிவையுங்கள். மழைக்காலத்துக்கு முன் மற்றவற்றோடு சேர்த்து அதையும் வெயிலில் காட்டி எடுத்து வையுங்கள். வழிகாட்டி அவன் வீட்டுக்குப் போகும்போது, அது அங்கேயே இருக்கிறது என்பதையும் அவனிடம் சொல்லட்டும்.